தோற்றவர்கள் கட்டும் விலை: பென்னி ஏலத் தளங்களை நம்பலாமா?

மீன் ஏலக்கூடமாக இருந்தாலும் கோயில் திருவிழாவாக இருந்தாலும் ஏலத்துக்கு ஒரு பொது நியாயம் உண்டு. கேட்டவர்கள் எல்லாரும் காசு கொடுப்பதில்லை. ‘ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்’ சொல்லி முடித்ததும் பொருள் யார் பெயருக்கு விழுகிறதோ அவர் பணத்தை எண்ணி வைப்பார். மற்றவர்கள் கைவீசிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். பென்னி ஏலம் என்ற பெயரில் இணையத்தில் நடக்கும் வியாபாரம் இந்த ஒரு விதியைத்தான் மாற்றியது. அங்கே கேட்பதற்கே கட்டணம். ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் கட்டணம். பொருள் கிடைத்தாலும் அந்தக் காசு திரும்பாது, கிடைக்காவிட்டாலும் திரும்பாது.

இருபது டாலருக்குக் கேமரா, முப்பது டாலருக்கு ஐபேட் என்று 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க, ஐரோப்பிய இணையத்தை நிறைத்த விளம்பரங்கள் இந்த மாற்றத்தில் பிறந்தவை. ‘இது நிஜமா, ஏமாற்றா?’ என்ற கேள்வியும் கூடவே பிறந்தது. கேள்வியில் இரண்டு பாதி இருக்கிறது. சில தளங்கள் அப்பட்டமான மோசடி. அதை அரசு அமைப்புகளும் நீதிமன்றங்களும் சொல்லிவிட்டன. அது எளிதான பாதி. பொருளை ஒழுங்காக அனுப்பிவைக்கிற, செட்டப் ஆள் வைத்து விலையை ஏற்றாத, சொன்ன விதியை மீறாத ஒரு தளத்தை நம்பலாமா என்பது கடினமான பாதி. பெரும்பாலான எச்சரிக்கைக் கட்டுரைகள் முதல் பாதியோடு நின்றுவிடுகின்றன. எனக்கு இரண்டாம் பாதிதான் முக்கியமாகப் படுகிறது.

கடிகாரமும் காசும்

முதலில் கேட்புகளை மொத்தமாக விலைக்கு வாங்க வேண்டும். இந்த வியாபாரத்தின் முன்னோடியான ஸ்வூப்போ தளம் அமெரிக்காவில் ஒரு கேட்புக்கு 60 சென்ட் வாங்கியது. ஏலம் பூஜ்ஜியத்தில் தொடங்கும். யாராவது பொத்தானை அழுத்தினால் பொருளின் விலை ஒரு சென்ட் ஏறும். அழுத்தியவர் கணக்கில் ஒரு கேட்பு குறையும். திரையில் ஓடும் கடிகாரத்தில் சில வினாடிகள் கூடும். வேறு யாரும் அழுத்தாமல் கடிகாரம் ஓய்ந்துவிட்டால் கடைசியாக அழுத்தியவருக்கு வெற்றி. அந்த நேரத்தில் திரையில் நிற்கும் விலையை அவர் தனியாகக் கட்டிப் பொருளை வாங்கிக்கொள்வார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடையில் 500 டாலர் விற்கும் கேமரா ஒன்று இப்படி ஏலம் போய் 20 டாலரில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். சென்ட் சென்ட்டாக ஏறித்தான் 20 டாலர் வந்தது. ஆகவே மொத்தம் 2,000 கேட்புகள் விழுந்திருக்கின்றன. தலைக்கு 60 சென்ட் என்றால் 1,200 டாலர். வென்றவர் கட்டும் 20 டாலரையும் சேர்த்தால் தளத்துக்கு வந்தது 1,220 டாலர். வென்றவர் 150 கேட்புகள் போட்டிருந்தால் அவருக்கு 90 டாலர் செலவு. 20 டாலர் விலையும் சேர்ந்து 110 டாலருக்குக் கேமரா. அவருக்கு நல்ல லாபம்தான், சந்தேகமில்லை. மீதி 1,850 கேட்புகளுக்கான 1,110 டாலரைக் கட்டியவர்கள் வெறுங்கையோடு போனவர்கள். தளமோ விலை 8 டாலர் 20 சென்ட்டைத் தொட்டபோதே கேமராவுக்குப் போட்ட முதலை எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு விழுந்த ஒவ்வொரு சொடுக்கும் லாபக் கணக்கில்தான் ஏறியது.

மறுநாள் முகப்புப் பக்கத்தில் ‘500 டாலர் கேமரா 20 டாலருக்குப் போனது, 96 சதவீதம் மிச்சம்’ என்று வரும். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. 1,220 டாலர் என்ற எண் மட்டும் எங்கேயும் இருக்காது.

அந்தத் திரையின் முன் உட்கார்ந்திருப்பவரை முட்டாள் என்று ஒதுக்கிவிடுவது சுலபம், ஆனால் தவறு. விலை 20 டாலரில் நிற்கும்போது அவர் முன்னால் உள்ள கேள்வி இதுதான்: இன்னும் ஒரு 60 சென்ட் போடலாமா? வென்றால் 480 டாலர் மிச்சம். எண்ணூறில் ஒரு வாய்ப்பு இருந்தாலே அந்த 60 சென்ட் நியாயமான செலவு. கடிகாரம் மூன்று வினாடியில் நிற்கிறது, வேறு யாரும் கேட்கவில்லை. எண்ணூறில் ஒன்றென்ன, பத்தில் ஒன்று போலத் தெரிகிறது. அழுத்துகிறார். கடிகாரம் மறுபடி ஏறுகிறது, எங்கோ இன்னொருவர் அதே கணக்கைப் போட்டு அதே பொத்தானை அழுத்துகிறார். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு சொடுக்கிலும் நியாயம் இருக்கிறது. இருநூறு சொடுக்குகளுக்குப் பிறகு 120 டாலர் போயிருக்கும். இப்போது விட்டால் அத்தனையும் வீண், இன்னொன்று போட்டால் 60 சென்ட்தான். ‘விட்டதைப் பிடிக்கணும்’ என்று சீட்டாட்டக்காரர்கள் சொல்வதன் அச்சு அசலான நிலை இது.

ஒரு டாலரை ஏலம் விட்ட பேராசிரியர்

இந்தப் பொறி இணையம் வருவதற்கு முன்பே பொருளியலில் பதிவானது. மார்ட்டின் ஷூபிக் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர் 1971இல் ‘டாலர் ஏலம்’ பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். ஒரு டாலர் நோட்டு ஏலத்துக்கு வருகிறது. அதிகம் கேட்டவருக்கு டாலர். ஆனால் இரண்டாவதாகக் கேட்டவரும் தான் கேட்ட தொகையைக் கட்ட வேண்டும், அவருக்கு எதுவும் கிடைக்காது. ஐந்து சென்ட், பத்து சென்ட் என்று சிரித்துக்கொண்டே தொடங்குவார்கள். ஒருவர் 95 சென்ட்டும் மற்றவர் ஒரு டாலரும் கேட்டிருக்கும் கட்டத்தில்தான் விஷயம் உறைக்கும். 95 கேட்டவர் நிறுத்தினால் 95 சென்ட் நஷ்டம். 1 டாலர் 5 சென்ட் கேட்டால் ஐந்து சென்ட்தான் நஷ்டம். ஆகவே கேட்பார். மற்றவரும் விடமாட்டார். ஒரு டாலரை ஒரு டாலருக்கு மேல் கொடுத்து வாங்கப் போட்டி நடக்கும். பனிப்போர்க் காலத்து ஆயுதப் போட்டியை விளக்க அறிஞர்கள் இந்த விளையாட்டைத்தான் எடுத்துக்காட்டினார்கள்.

பென்னி ஏலம் இதையே கடையாக்கியது. 2005இல் ஜெர்மனியில் டெலிபிட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் 2008இல் ஸ்வூப்போ என்று பெயர் மாற்றிக்கொண்டு அமெரிக்காவிலும் கடை விரித்தது. ஆள் தூங்கும்போதும் அவருக்காகக் கேட்டுக்கொண்டே இருக்கும் தானியங்கி வசதியும் அதில் இருந்தது. பொருள்கள் போதாதென்று ரொக்கப் பணத்தையும் ஏலம் விட்டார்கள், கேட்புக் கட்டுகளையே ஏலம் விட்டார்கள். கேட்புகளை வெல்வதற்காகக் கேட்புகளைச் செலவழிக்கும் அந்த ஏற்பாட்டை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வருகிறது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலர் 2009இல் நியூயார்க் டைம்ஸில் ஸ்வூப்போவைப் பற்றி எழுதியபோது ஷூபிக்கின் டாலரைத்தான் நினைவூட்டினார். அதே ஆண்டில் முதலீட்டாளர்கள் அந்த நிறுவனத்தில் ஒரு கோடி டாலர் போட்டார்கள். பேராசிரியர்கள் கண்ட பொறி அவர்கள் கண்ணுக்கு வருமானமாகப் பட்டது.

ஆய்வாளர்களுக்கோ ஸ்வூப்போ ஒரு புதையல். ஒவ்வொரு சொடுக்கும் நேரத்தோடு பதிவாகும் சூதாட்டக்கூடம் அவர்களுக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை. நெட் ஆகன்பிளிக் 1,66,000 ஏலங்களின் தரவை எடுத்து அலசினார். 2016இல் வெளியான அவருடைய கட்டுரைதான் இந்தத் துறையில் அதிகம் பேசப்படுவது. எல்லாரும் கணக்குத் தெரிந்தவர்கள் என்றால் இப்படிப்பட்ட ஏலத்தில் தளத்துக்குச் சராசரியாகப் பொருளின் விலைக்குமேல் எதுவும் கிடைக்கக் கூடாது. ஒவ்வொரு கேட்பும் சராசரியில் லாபமும் இல்லாமல் நஷ்டமும் இல்லாமல் முடிய வேண்டும். ஏலத்தின் தொடக்கத்தில் மக்கள் கிட்டத்தட்ட அப்படித்தான் நடந்துகொள்கிறார்கள். ஏலம் நீள நீளக் கணக்கு சிதைகிறது. வெகுநேரம் ஓடிய ஏலங்களின் கடைசிக் கட்டத்தில் கேட்புக்குச் செலவான ஒவ்வொரு டாலருக்கும் கேட்டவர்களுக்குத் திரும்பிய மதிப்பு வெறும் 18 சென்ட். போட்ட காசின் மேல் உள்ள பாசம்தான் இதற்குக் காரணம் என்பது அவர் முடிவு.

எல்லாரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. பிரென்னன் பிளாட், ஜோசப் பிரைஸ், ஹென்றி டாப்பன் ஆகிய மூவரும் 2013இல் வேறு விளக்கம் சொன்னார்கள். மக்களுக்கு ஆபத்தின் மேல் கொஞ்சம் ஆசை இருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொண்டால் இந்தத் தரவின் பெரும்பகுதி பொருந்திவிடுகிறது என்றும், இது மிதமான ஒரு சூதாட்டம் என்றும் அவர்கள் கருதினார்கள். அதாவது லாட்டரிச் சீட்டு வாங்குபவரைப் போல, நஷ்டம் என்று தெரிந்தே பரபரப்புக்காகக் காசு கொடுக்கிறார்கள். ஜான் பையர்ஸ், மைக்கேல் மிட்சன்மேக்கர், ஜியார்ஜியோஸ் செர்வாஸ் என்ற கணினியியலாளர்கள் 2010இல் மூன்றாவது வழியைக் காட்டினார்கள். உங்களோடு எத்தனை பேர் போட்டியிடுகிறார்கள், அவர்களுக்கு ஒரு கேட்பு என்ன விலைக்குக் கிடைத்தது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாது. நீங்கள் 60 சென்ட் கொடுத்து வாங்கியதை இன்னொருவர் ஏலத்தில் மலிவாக வென்று வைத்திருக்கலாம். இந்த அறியாமை சிறிதளவு இருந்தாலே தளத்தின் லாபம் எகிறிவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

ஆய்வாளர்களுக்குள் இது இன்னும் தீராத வாதம். பொத்தானை அழுத்துபவரின் பக்கம் நின்று பார்த்தால் மூன்றும் ஒன்றையொன்று மறுக்கவில்லை என்றே எனக்குப் படுகிறது. எதிரே எத்தனை பேர் என்று தெரியாமல் நுழைகிறார், பரபரப்பில் நீடிக்கிறார், போட்ட காசுக்காக மாட்டிக்கொள்கிறார்.

இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது சோங்மின் வாங், மின்போ ஷு இருவரும் பிக்டீல் என்ற தளத்தின் தரவை வைத்துச் செய்த ஆய்வு. புதிதாக வருகிறவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் பணத்தை இழக்கிறார்கள். ஆனால் சீக்கிரமே விலகியும் விடுகிறார்கள். மிகச் சிறிய ஒரு கூட்டம் தங்கி, நுணுக்கம் கற்று, நல்ல லாபம் பார்க்கிறது. அனுபவசாலிகளை ஒரு கூட்டமாக எடுத்துக்கொண்டால் அவர்களிடம் தளமே நஷ்டப்படுகிறது. அப்படியானால் தளத்தின் லாபம் எங்கிருந்து வருகிறது? ஓயாமல் உள்ளே வந்து, தோற்று, வெளியே போய்க்கொண்டிருக்கும் புதியவர்களிடமிருந்து. புதிய ஆள் வரத்து நின்றால் கடை நின்றுவிடும்.

ஸ்வூப்போவை நடத்திய நிறுவனம் 2011 மார்ச்சில் திவாலானதை நான் இதோடு சேர்த்தே பார்க்கிறேன். விற்கும் பொருளின் மதிப்பைவிட ஒன்றரை மடங்கு வசூலித்த வியாபாரம் ஏன் மூழ்க வேண்டும்? ஒரு தடவை சூடுபட்டவர் திரும்பி வருவதில்லை, புதியவரைப் பிடிக்க விளம்பரத்துக்குக் கொட்ட வேண்டியிருக்கிறது, பக்கத்துத் தெருவில் அதே கடையை நூறு பேர் திறக்கிறார்கள். வாடிக்கையாளர் வெறுத்துப் போவதையே நம்பி நடக்கும் கடைக்கு ஆயுசு எவ்வளவு இருக்கும்?

அப்பட்டமான மோசடிகள்

எளிதான பாதிக்கு வருவோம். மோசடிகளில் மிகப் பழையது விலையை ஏற்றிவிட ஆள் வைப்பது. சாதாரண ஏலத்திலும் இது உண்டு. அங்கே செட்டப் ஆள் கொஞ்சம் அதிகமாக ஏற்றினால் பொருள் அவர் தலையிலேயே விழும் அபாயம் இருக்கிறது. பென்னி ஏலத்தில் அந்த அபாயமே கிடையாது. தளத்தின் கணினி நிரல் ஒரு பொய்ப் பெயரில் கடைசி வினாடியில் ஒரு கேட்பு போட்டால் நிறுவனத்துக்கு ஒரு காசு செலவில்லை. நிஜ மனிதர்கள் பத்துப் பேர் மறுபடி அழுத்துவார்கள். கடைசியில் பொய்ப் பெயரே ‘வென்றாலும்’ பொருள் கிடங்கை விட்டு நகராது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2011இல் பென்னி ஏலம் பற்றி மக்களுக்கு வெளியிட்ட எச்சரிக்கையில் இந்த மாதிரி நிரல்களையும் ஆட்களையும் குறிப்பிட்டது. நேர்மையான தளத்தையும் நேர்மையற்ற தளத்தையும் திரையில் பார்த்துப் பிரிக்க முடியாது என்பதே நம்பகத்தன்மை பற்றிய கேள்விக்குப் பாதிப் பதில்.

இரண்டாவது வகையில் ஏலம் வெறும் தூண்டில். கனடாவின் ஆல்பர்ட்டாவைச் சேர்ந்த ஜெஸ்ஸி வில்ம்ஸ் மீதும் அவருடைய நிறுவனங்கள் மீதும் அதே ஆணையம் 2011இல் வழக்குப் போட்டது. எடை குறைக்கும் மாத்திரை, பல் வெளுப்பான் வரிசையில் பென்னி ஏலத் தளமும் அதில் இருந்தது. ‘இலவசமாகச் சேருங்கள்’ என்று அட்டை விவரத்தை வாங்கிக்கொண்டு, நுணுக்கி அச்சிட்ட நிபந்தனைகளின் பேரில் கேட்புக் கட்டுக்கு நூறு டாலருக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள் என்பது குற்றச்சாட்டு. எல்லாப் பொருள்களும் சேர்ந்து ஐந்து நாட்டு மக்கள் 45 கோடி டாலருக்கு மேல் இழந்ததாக ஆணையம் சொன்னது. 2012இல் 35.9 கோடி டாலர் தீர்ப்புத் தொகையோடு வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. இந்த வகையில் ஏமாந்தவர்களில் பலர் ஒரு தடவைகூடக் கேட்காமலே பணத்தை இழந்தவர்கள்.

மூன்றாவது வகைதான் மிகப் பெரியது. வட கரோலினா மாநிலத்தின் லெக்சிங்டன் என்ற சிறு ஊரில் பால் பர்க்ஸ் என்பவர் சீக்லர் என்ற பென்னி ஏலத் தளத்தை நடத்தினார். அதோடு ஒட்டி சீக் ரிவார்ட்ஸ் என்ற திட்டத்தை 2011இல் தொடங்கினார். திட்டத்தில் சேருபவர் ஏலக் கேட்புகளை வாங்கி மற்றவர்களுக்கு மாதிரியாகக் கொடுக்கலாம். தினமும் இணையத்தில் ஒரு சிறு விளம்பரம் போட வேண்டும். ஆள் சேர்த்தால் தனிக் கமிஷன். பதிலுக்கு ஏலத் தளத்தின் அன்றாட லாபத்தில் பங்கு. அந்தப் பங்கு நாளொன்றுக்குச் சராசரியாக ஒன்றரை சதவீதம் என்று கணக்கில் ஏறிக்கொண்டே இருந்தது. ஒன்றரை சதவீதத்தைக் கூட்டு வட்டியாகப் போட்டால் 100 டாலர் ஓராண்டில் 22,000 டாலரைத் தாண்டும். சிறு சிறு ஊர்களில் ஓய்வு பெற்றவர்கள், தேவாலயத்தில் கூடும் குடும்பங்கள் என்று சொல்லிச் சொல்லிச் சேர்ந்தார்கள். நம் ஊருக்குப் புதிதல்லாத காட்சி.

2012 ஆகஸ்ட் 17 அன்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் நீதிமன்றம் போய்க் கடையை மூடியது. பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள், 60 கோடி டாலர். நிறுவனத்துக்கு வந்த பணத்தில் ஏறத்தாழ 98 சதவீதம் புதிதாகச் சேர்ந்தவர்கள் கட்டியது. ஏலத்தில் வந்த லாபம் என்பது பெயருக்குத்தான். மிஞ்சியிருந்தது சுமார் 22.5 கோடி டாலர். பர்க்ஸ் குற்றவாளி என்று 2016இல் தீர்ப்பாகி, 2017இல் 14 ஆண்டு 8 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். பெருந்துறைப் பக்கம் ஈமு கோழித் திட்டங்கள் சரிந்து மக்கள் பண்ணை வாசலில் நின்றதும் இதே 2012 ஆகஸ்ட்தான். கோழி கண்ணுக்காவது தெரிந்தது. சீக்லரில் காட்டப்பட்டது ஒரு கடிகாரம்.

சீக் ரிவார்ட்ஸ் பென்னி ஏலத்தைப் போர்வையாகத் தேர்ந்தெடுத்தது தற்செயல் இல்லை. இந்த வியாபாரத்தில் ‘மிகப் பெரிய லாபம் வருகிறது’ என்பதை யாரும் நம்புவார்கள், ஏனென்றால் கணக்குப் போட்டால் அப்படித்தான் தெரியும். லாபம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டவர்களுக்குத் தயாராக ஒரு பதில் இருந்தது: ஏலத்தில் தோற்பவர்களிடமிருந்து.

‘உடனே வாங்கு’ என்ற பதில்

நேர்மையாக நடப்பதாகச் சொல்லும் தளங்கள் தங்கள் தரப்பில் வைக்கும் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதைச் சரியாக எடைபோடாமல் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. அமெரிக்காவின் குயிபிட்ஸ், பின்லாந்துக்காரர் தொடங்கிய டீல்டாஷ் போன்றவை 2009ஐ ஒட்டி வந்தவை. ‘தோற்றால் பணம் போச்சு’ என்ற குறையை நீக்க ‘உடனே வாங்கு’ வசதியைப் பெரிதாக முன்வைத்தார்கள். தோற்றவர் அதே பொருளைப் பட்டியல் விலைக்கு வாங்கிக்கொண்டால், கேட்புக்குச் செலவான தொகையை விலையில் கழித்துக்கொள்வார்கள், அல்லது கேட்புகளையே திருப்பித் தருவார்கள். வென்றால் அள்ளு, தோற்றால் கடை விலை. பிறகு என்ன நஷ்டம்?

இதில் உண்மை இருக்கிறது. அந்தக் கேமராவை எப்படியும் வாங்கத்தான் போகிறோம் என்றிருப்பவருக்கு நஷ்டம் குறையும். ஆனால் ‘பட்டியல் விலை’ என்பதைத் தளம்தான் எழுதுகிறது. அது பக்கத்துக் கடை விலையைவிடக் கூடுதலாக இருந்தால் அந்த வித்தியாசம்தான் கேட்புக் கட்டணம். இரண்டாவதாக, ஏலத்துக்கு வருபவர் 500 டாலர் கையில் வைத்துக்கொண்டு வருபவர் அல்ல. 500 டாலர் இல்லாததால்தான் 20 டாலர் விளம்பரத்தைப் பார்த்து வந்தார். அவரிடம் ‘இன்னும் 380 கட்டினால் உங்கள் 120 வீணாகாது’ என்று சொல்வது போட்ட காசின் பாசத்தை இன்னும் பெரிய தொகைக்கு இழுப்பது. வசதி படைத்தவருக்கு அது பாதுகாப்பு, இல்லாதவருக்கு இரண்டாவது கொக்கி. திருப்பித் தரும் கேட்புகளும் பணமாக வருவதில்லை. மறுபடி அதே தளத்தில் ஆடத்தான் வரும்.

பிரிட்டனின் மேட்பிட் தளம் இந்த வாதத்தை நீதிமன்றம் வரை கொண்டுபோனது. பிரச்சினை மதிப்புக் கூட்டு வரி சம்பந்தப்பட்டது, கேட்டால் கொட்டாவி வரும் விஷயம்தான். ஆனால் வரி அதிகாரிகள் கேட்ட கேள்வி நம்முடைய கேள்வி: வாடிக்கையாளர் கேட்புக்கு முன்கூட்டியே கட்டும் பணம் எதற்கான விலை? பொருளுக்கு முன்பணமா, ஏலத்தில் கலந்துகொள்ளும் உரிமைக்கான கட்டணமா? ஐரோப்பிய நீதிமன்றம் 2018 ஜூலையில் பதில் சொன்னது. ஏலம் கேட்க வழி செய்யும் சேவைக்கான கட்டணம்தான் அது, தனியான விற்பனை. அதாவது சட்டத்தின் பார்வையிலும் தளம் விற்கும் முதல் சரக்கு கேமரா அல்ல, வாய்ப்பு.

சூதா, கடையா?

வாய்ப்பை விற்பது சூதாட்டம் ஆகுமா என்பதில் நாடுகள் தடுமாறின. காசு கட்டுதல், பரிசு, அதிர்ஷ்டம் மூன்றும் சேர்ந்தால் லாட்டரி என்பது பழைய அளவுகோல். முதல் இரண்டும் இங்கே தெளிவாக உள்ளன. மூன்றாவதில்தான் தளங்கள் நுழைந்து தப்பின: எப்போது அழுத்துவது, எப்போது விடுவது என்பது திறமை என்றன. அந்த அனுபவசாலிக் கூட்டத்தின் லாபம் அவர்கள் வாதத்துக்கு வலு சேர்க்கிறது என்பதையும் மறுக்க முடியாது. திறமை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தத் திறமைக்குச் சம்பளம் கொடுப்பது திறமை இல்லாத புதியவர்.

இந்தியாவில் இந்தத் திறமை வாதத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. பரிசுப் போட்டிகள் பற்றிய 1957ஆம் ஆண்டுத் தீர்ப்புகளில் திறமைக்கு மேலோங்கிய இடமுள்ள போட்டிகள் சூதாட்டம் ஆகா என்று உச்ச நீதிமன்றம் பிரித்தது. தமிழ்நாட்டின் குதிரைப் பந்தயத் தடை தொடர்பான லட்சுமணன் வழக்கில் 1996இல் குதிரைப் பந்தயமும் திறமை விளையாட்டு என்றது. லாட்டரிச் சீட்டு விற்பனையை 2003இல் நிறுத்திய தமிழகம், இணையச் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தபோதும் ரம்மி நிறுவனங்கள் இதே திறமைக் கேடயத்தைத்தான் தூக்கிக்கொண்டு வந்தன. நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய இணைய விளையாட்டு ஒழுங்குமுறைச் சட்டம் அந்தக் கேடயத்தை ஒதுக்கிவிட்டது: திறமையோ அதிர்ஷ்டமோ இரண்டுமோ, பணம் கட்டி, பணமோ வேறு ஆதாயமோ வெல்லும் எதிர்பார்ப்பில் ஆடும் இணைய விளையாட்டை நடத்துவது தடை. பென்னி ஏலம் அந்த வரையறைக்குள் வரும் என்பதே என் வாசிப்பு. ‘நாங்கள் விளையாட்டல்ல, கடை’ என்று தளங்கள் சொல்லும். சொல்பவர்களிடம் அவர்களுடைய வருமானத்தில் பொருள் விலை எவ்வளவு, கேட்புக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டால் போதும்.

தடை ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த வியாபாரத்தை ஒரே ஒரு எண்ணால் அம்பலப்படுத்திவிடலாம் என்பது என் கட்சி. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023இல் இணையக் கடைகளின் தந்திர வடிவமைப்புகளுக்கு எதிராக வழிகாட்டுதல்கள் வெளியிட்டது. பொய்யான அவசரம் காட்டுவது அதில் முதலில் வரும். பென்னி ஏலத்தின் அவசரம் பொய்யல்ல, விதியே அதுதான். ஆகவே அந்தப் பட்டியல் இதைப் பிடிக்காமல் போகலாம். ஆனால் ஏலம் முடிந்த ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும், வென்ற விலை எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ அதே அளவு எழுத்தில், அந்தப் பொருளுக்காக எல்லாரிடமிருந்தும் வசூலான மொத்தத் தொகையைப் போட வேண்டும் என்று ஆணையம் உத்தரவிடலாம். ‘20 டாலர்’ என்பதன் பக்கத்தில் ‘1,220 டாலர்’ என்று நிற்கட்டும். அப்படி நின்ற பிறகும் ஒருவர் பொத்தானை அழுத்தினால் அது அவர் விருப்பம்.

உத்தரவு வரும்வரை அந்த எண்ணை நீங்களே கண்டுபிடிக்கலாம். முடிந்த ஏலத்தின் விலையை ஒரு கேட்புக்கு எவ்வளவு ஏறுமோ அதனால் வகுத்து, வருவதைக் கேட்புக் கட்டணத்தால் பெருக்கி, ஏலம் முடிந்த விலையையும் கூட்டுங்கள். வந்த தொகையைக் கடை விலையோடு வைத்துப் பார்த்தால், செட்டப் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று ஆராய வேண்டிய அவசியமே இருக்காது. நேர்மையான தளத்திலும் பணம் போடாதீர்கள் என்பதுதான் என் தீர்ப்பு. ஏற்கெனவே போட்டுவிட்டு, பொருளும் வராமல் அட்டையிலிருந்து பணமும் போய்க்கொண்டிருந்தால் முதலில் வங்கியைக் கூப்பிட்டு அட்டையை முடக்குங்கள். அடுத்த அழைப்பு சைபர் குற்ற உதவி எண் 1930க்கு. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ, பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு இருக்கிறது.